மைக் இல்லாமல் ஊர் இசைக்குழுவைக் கேட்க: தொட்டிக்கட்டு வீட்டுக் கச்சேரிக்கு முழுமையான வழிகாட்டி

தம் ஊரில் வளர்ந்த இசைக்குழு ஒன்றை, ஒலிபெருக்கியும் மின்கருவிகளும் இல்லாமல், பாடுகிறவர் மூச்செடுப்பது கேட்கும் தூரத்தில் அமர்ந்து கேட்க விரும்பி, அந்த மாலையைத் தாமே ஏற்பாடு செய்ய முன்வருகிறவர்களுக்கானது இந்த வழிகாட்டி. மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட குழு, நாற்பது ஐம்பது பேர் கேட்போர், நடுவில் முற்றம் உள்ள கொங்கு நாட்டுப் பழைய தொட்டிக்கட்டு வீடு அல்லது அதையொத்த கூடம் என்ற அளவை மனத்தில் வைத்தே ஒவ்வொரு படியும் எழுதப்பட்டுள்ளது. குழுவில் கிதார், வயலின் அல்லது புல்லாங்குழல், மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டித் தாளம், ஒன்றிரண்டு குரல்கள் இருப்பதாகக் கொள்கிறேன்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நாளைக் குறித்து, அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகே இடத்தைப் பார்க்கப் போகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் தெருமுனை மண்டபத்துப் பாட்டும் அப்போதுதான் காதில் விழுகின்றன. வேறு வழியின்றி மைக் வாடகைக்கு வருகிறது. எதற்காக அந்த மாலையை நினைத்தோமோ அது கைநழுவிப் போகிறது. ஆகவே இடம், குழு, நாள், ஆட்கள் என்ற வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: ஐந்தாறு பவானி ஜமக்காளங்கள், நான்கைந்து கனமான சென்னிமலைப் போர்வைகள், அவற்றைத் தொங்கவிடக் கயிறு, ஒலி அளவைக் காட்டும் செயலி உள்ள ஒரு கைபேசி, அளவு நாடா, வீட்டின் தரைப்படத்தை வரைந்துகொள்ள ஒரு தாள்.

1. முதலில் இடத்தைக் காதால் பாருங்கள்

கச்சேரி நடக்கவிருக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில், அதாவது மாலை ஆறரை முதல் எட்டரை வரை, அந்த வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். பகலில் பார்ப்பது பயன்படாது. மாலையில்தான் மைனாக்கள் மரத்தில் அடையும்போது கத்துகின்றன, தோட்டத்து மோட்டார்கள் ஓடுகின்றன, கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் வருகின்றன. எந்த ஓசை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு ஓய்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபெல் இருக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும். சுவர்கள் திருப்பி அனுப்புவதால் வீட்டுக்குள் அவ்வளவு குறைவதில்லை. ஆனாலும் எட்டு மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு மெல்லிய குரல் தெளிவாகச் சேர வேண்டுமானால், இடத்தின் இயல்பான ஓசை 35, 40 டெசிபெல்லைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கைபேசிச் செயலியின் எண் துல்லியமானதன்று. ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும்.

சோமனூர், பல்லடம் பக்கத்தில் இருப்பவர்கள் தறிச்சத்தத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். விசைத்தறியின் ஓசை காற்றில் வருவதோடு தரை வழியாகவும் வரும்; கதவைச் சாத்தினாலும் நிற்காது. பக்கத்தில் தறிக்கூடம் இருந்தால் அது எந்தக் கிழமையில் நிற்கும் என்று கேட்டு, அந்தக் கிழமையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிற்காத கூடம் என்றால் வேறு வீடு பாருங்கள்.

அடுத்து, வீட்டுக்குள் இருக்கும் ஓசைகள். குளிர்சாதனப் பெட்டி, இன்வெர்ட்டர், பழைய குழல்விளக்கின் சோக், மின்விசிறி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேளுங்கள். நிறுத்திய பிறகே, அது எவ்வளவு நேரமாக இரைந்துகொண்டிருந்தது என்பது காதுக்குத் தெரியும்.

கடைசியாக, குழு அமரப்போகும் இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். ஓசை ஒரு நொடியளவில் மெதுவாகத் தேய்ந்தால் நல்ல இடம். இரண்டு வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ‘டர்ர்’ என்று படபடத்தால் அந்தச் சுவர்களில் ஒன்றுக்குத் துணி தேவை. வெறுமையாக இருக்கும் கூடம் சற்று அதிகமாக முழங்குவதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம். ஆட்கள் வந்து நிறைந்தால் அவர்களுடைய உடலும் உடையும் அந்த முழக்கத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும்.

2. குழுவோடு உட்கார்ந்து பாட்டுப் பட்டியலைத் திருத்துங்கள்

கல்லூரி விழாக்களிலும் உணவகங்களிலும் மைக் வைத்துப் பழகிய குழு, ‘அன்பிளக்டு’ என்றதும் அதே பாடல்களை மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு வாசிக்கலாம் என்று நினைக்கும். அப்படிச் செய்தால் குரல் தாளத்துக்கு அடியில் அமுங்கிப்போகும். எனவே நாள் குறிப்பதற்கு முன்பே, ஒரு மாலை அவர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்குப் போய் மைக் இல்லாமல் நான்கு பாடல்களைக் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியது சுருதி. மைக்கின் அருகில் பாடிப் பழகியவர்கள் கீழ்ச்சுருதியில் மெதுவாகப் பாடுவார்கள். மைக் இல்லாதபோது அந்தக் கீழ்ச்சுரங்கள் இரண்டாம் வரிசைக்கே எட்டா. பாடகருக்கு வருத்தமில்லாத வரையில் பாட்டை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ ஏற்றிப் பாடச் சொல்லுங்கள். கிதாரின் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை ஓரிரு கட்டம் தள்ளி மாட்டினால் விரல் வடிவம் மாறாமல் சுருதி ஏறிவிடும் என்பதால் குழுவுக்கு இதில் புதிய பாடு எதுவும் இல்லை.

தாளத்தைக் குறைப்பதே மிகக் கடினம், ஏனென்றால் மேடையில் கைதட்டு வாங்கித் தருவது அதுதான். மரப்பெட்டியை உள்ளங்கையால் அறையாமல் விரல் நுனியால் தட்டுவதும், குரல் நுழையும் வரிகளில் தாளம் பாதியாக ஒதுங்குவதும் போதுமானவை. பறையும் பம்பையும் திறந்த வெளிக்காக உருவானவை. அவற்றைத் தாழ்வாரத்துக்குள் அடக்கி வாசிக்கச் சொல்வது கருவிக்கும் கலைஞருக்கும் செய்யும் குறைவு. குழுவில் அவை இருந்தால், வந்தவர்களை வரவேற்கும் முதல் வாசிப்பை வெளிவாசலில் முழு வீச்சோடு நடத்திவிட்டு, பிறகு எல்லோரும் உள்ளே போகலாம். உடுக்கை வேறு வகை. கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையைத் தனிக்குரலோடு இரவெல்லாம் தாங்கி நடத்திய கருவி அது. குரலோடு சேர்ந்து ஒலிக்கத் தெரிந்தவர் கையில் இருந்தால் கூடத்துக்குள்ளும் அழகாக அமையும்.

பட்டியலைப் பன்னிரண்டு பாடல்களுக்கு மேல் நீட்ட வேண்டாம். ஒலிபெருக்கியின் துணையின்றி ஒன்றரை மணி நேரம் பாடுவது தொண்டைக்குப் பெரிய உழைப்பு. நடுவில் குரல் இல்லாத இரண்டு வாசிப்புகளை வைத்தால் பாடகருக்கு ஓய்வு கிடைக்கும்.

3. அதன் பிறகே நாள்

கொங்கு நாட்டில் இதற்கு மிகப் பொருத்தமான காலம் மார்கழி. அந்த மாதத்தில் திருமண முகூர்த்தம் வைப்பதில்லை என்பதால் மண்டபங்களின் ஒலிபெருக்கி அடங்கியிருக்கும்; குளிர் இருப்பதால் மின்விசிறி தேவைப்படாது; ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் ஓய்ந்திருக்கும். ஆடியிலும் முகூர்த்தம் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்தில் ஓட்டையும் தென்னையையும் ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் வயலினின் மெல்லிய வில்லோசை நிற்காது.

மாசி, பங்குனியில் கோயம்புத்தூர் கோனியம்மன், பொள்ளாச்சி மாரியம்மன், ஈரோடு பெரிய மாரியம்மன் எனக் கோயில் திருவிழாக்கள் அடுத்தடுத்து வரும். உங்கள் ஊர்த் திருவிழாவான நோம்பி எந்தக் கிழமையில் சாட்டப்படுகிறது, அதாவது அறிவிக்கப்படுகிறது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, அந்த வாரங்களை விட்டுவிடுங்கள். நோம்பிக்கு ஒலிபெருக்கி கட்டுவது ஊரின் உரிமை. அதோடு போட்டியிடும் மாலையை ஏற்பாடு செய்யக் கூடாது.

தொடங்கும் நேரம் ஏழு மணி. மார்கழியில் ஆறு மணியையொட்டிச் சூரியன் மறைகிறது. பறவைகள் அடங்க அரை மணி நேரமாகும். பூசை மணியோ பாங்கோ ஏழேகாலுக்கு வரும் என்று முதற்படியில் குறித்திருந்தால், அந்த நேரத்தில் பாட்டை வைக்காமல் குழு தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்படி அமைத்துவிடுங்கள். எட்டரைக்கு முடித்தால், டவுன்பஸ்ஸில் வந்தவர்கள் கடைசி வண்டிக்குத் தவிக்காமல் திரும்பலாம்.

4. அக்கம்பக்கம், சட்டம், பணம்

அக்கம்பக்கத்தாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கைபேசியில் அனுப்பும் செய்திக்கு அந்த மரியாதை இல்லை. “ஏனுங் பெரீம்மா, வர்ற சனிக்கெழம ராத்திரி நம்மூட்டுல பசங்க பாடறாங்க, நீங்களும் வந்து கேளுங்க. மோட்டர மட்டும் எட்டரைக்கு மேல போட்டுக்கலாங்களா?” என்று கேட்டால் மறுப்பவர்கள் அரிது. முதலில் அழைப்பு, பிறகு வேண்டுகோள் என்ற வரிசை இதிலும் முக்கியம். தோட்டத்து நாய்களை, அவற்றுக்குப் பழகிய ஒருவர் பொறுப்பில், தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபெல், அதன்பின் 45 டெசிபெல் என வரம்பு வைத்துள்ளன. எட்டரைக்கு முடியும், ஒலிபெருக்கி இல்லாத வீட்டுக் கச்சேரி இதில் சிக்குவது கடினம். வீதியில் நாற்காலி போடுவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாடல் உரிமை சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டியது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தொழில்முறையற்ற மன்றமோ சங்கமோ கட்டணம் வாங்காமல் நிகழ்த்துவதை மீறலாகக் கொள்வதில்லை. நுழைவுச்சீட்டு விற்றுத் திரைப்பாடல்களைப் பாடினால் அந்த விலக்கு பொருந்தாது, பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளைக் கையாளும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் பெற வேண்டிவரும். குழுவின் சொந்தப் பாடல்கள், கும்மி, தாலாட்டு ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை; ஊர்க்குழுவைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அவற்றையே கேட்க விரும்புகிறார்கள்.

சீட்டு விற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏற்பாடு செய்கிற நான்கைந்து குடும்பங்கள் பகிர்ந்துகொண்டு, குழுவுக்கு ஒரு தொகையை முன்பே பேசி, அதில் பாதியை அன்றே கொடுத்துவிடுங்கள். ‘நம்ம பசங்கதானே’ என்று சொல்லிப் பணம் பேசாமல் விடுவது இந்தப் பகுதியில் நான் அடிக்கடி காணும் வழக்கம். ஊர்க்காரர் என்ற உறவே அவர்களுக்குக் குறைவாகக் கொடுப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது. தந்திக்கும் பயணத்துக்கும் பயிற்சிக்கும் அவர்கள் கைக்காசுதான் செலவாகிறது.

5. கூடத்தை அமைத்தல்

தொட்டிக்கட்டு வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றமும், அதைச் சுற்றித் தூண்களோடு கூடிய தாழ்வாரமும், ஒரு பக்கம் ஆசாரம் எனப்படும் விரிந்த கூடமும் இருக்கும். குழுவை முற்றத்தின் நடுவில் அமர வைப்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். புகைப்படத்துக்கும் அது அழகாக இருக்கும். ஆனால் திறந்த வானம் போன ஒலியைத் திருப்பித் தருவதில்லை. மார்கழிப் பனியும் நேரே கருவிகள் மேல் இறங்கும்.

குழுவை ஆசாரத்தில், பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால், முற்றத்தைப் பார்த்தபடி அமர வையுங்கள். அவர்களுக்குப் பின்னால் உள்ள சுவர் வெறும் சுவராகவே இருக்கட்டும். அதில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரடி ஒலியோடு நொடியில் ஒரு சிறு பங்குக்குள் வந்து சேர்வதால், காது இரண்டையும் ஒன்றாகவே கேட்டுக் குரல் வலுத்ததாக உணரும். அலங்காரம் என்று அந்தச் சுவரில் கனத்த திரையைக் கட்டுகிறவர்கள், தங்களுக்குக் கிடைத்த ஒரே ஒலிபெருக்கியை மூடிவிடுகிறார்கள். பிளெக்ஸ் பேனரும் வேண்டாம், காற்றில் சடசடக்கும்.

போர்வைகளைக் கட்ட வேண்டியது எதிர்ச்சுவரில், அதாவது கடைசி வரிசைக்குப் பின்னால். சுவரோடு ஒட்டிக் கட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு, மடிப்புகள் விழும்படி தளர்வாகத் தொங்கவிட்டால் இன்னும் கீழான சுரங்களையும் அவை உறிஞ்சும். துணி மேற்சுரங்களையே நன்றாக அடக்கும், தாளப்பெட்டியின் அடியோசையை அடக்காது என்பதை மறவாமல், அந்த வேலையைத் தாளக்காரரின் கையிடமே விடுங்கள்.

முற்றம் தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்திருப்பது பெரிய வசதி. முற்றத்தில் ஜமக்காளம் விரித்துக் கேட்போரை அமர்த்தினால், குழு தானாகவே உயரத்தில் இருக்கும். தலைகளுக்கு இடையில் ஊர்ந்து தேயாமல் ஒலி மேலாக வந்து சேரும். முதல் வரிசை குழுவிலிருந்து இரண்டு மீட்டரிலும் கடைசி வரிசை எட்டு, ஒன்பது மீட்டருக்குள்ளும் இருக்கட்டும். தரையில் அமர ஆளுக்கு ஏழு சதுர அடி என்று கணக்கிட்டு, எத்தனை பேரை அழைக்கலாம் என்பதை இப்போதுதான் முடிவு செய்ய வேண்டும். ஐம்பது பேருக்கு இடம் என்றால் ஐம்பது பேரையே அழையுங்கள்.

தரையில் அமர முடியாத பெரியவர்களுக்குப் பக்கத் தாழ்வாரங்களில் மர நாற்காலி அல்லது கயிற்றுக் கட்டில் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒவ்வோர் அசைவுக்கும் கிரீச்சிடும். காது மங்கியவர்களை முன்வரிசையின் ஓரத்தில் அமர்த்துவது ஏற்பாட்டாளரின் கடமை. முற்றத்தில் இருப்பவர்கள் சால்வை கொண்டுவர வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

குழுவுக்குள் இருக்கை: குரல் நடுவில் முன்னால், கிதார் அதன் பக்கத்தில், துளை கேட்போரைப் பார்த்தபடி, வயலினின் மேற்பலகையும் அவ்வாறே, தாளப்பெட்டி ஒரு மீட்டர் பின்னால், அடியில் மடித்த ஜமக்காளத்தோடு. தாளப்பெட்டியைச் சுவர் மூலையில் வைத்தால் அடியோசை பன்மடங்காகப் பெருகும், மூலையைத் தவிர்க்கவும்.

6. கருவிகளும் சுருதியும்

கிதாருக்குப் புதுத்தந்தி போடுவதானால் இரண்டு மூன்று நாள் முன்பே போட்டு வாசித்துவிட வேண்டும். புதிய தந்தி இழுபட்டு நிலைக்கும் வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கச்சேரியன்று எல்லாக் கருவிகளையும் ஒரு மணி நேரம் முன்பே ஆசாரத்தில், பெட்டியைத் திறந்து வையுங்கள். வெயிலில் நின்ற காரிலிருந்து நேரே குளிர்ந்த கூடத்துக்கு வந்த மரமும் தந்தியும் அந்த நேரத்துக்குள் நிலைபெறும்.

குழல் இருக்கும் குழுவில் ஒரு நுட்பம் உண்டு. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் குழலின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு ஏறும். கிதாரின் உலோகத் தந்தியோ வெப்பத்தில் தளர்ந்து இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகுவதால், இரவு குளிர்ந்துகொண்டே போகும்போது சேர்ந்து ஒலிக்காமல் போகும். மூங்கில் குழலைத் திருத்த முடியாது. ஆகவே குழலைச் சில நிமிடம் ஊதிச் சூடாக்கிய பின், அதற்குக் கிதாரைச் சேர்க்க வேண்டும். நான்கு பாடல்களுக்கு ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும். அந்த அரை நிமிட மௌனத்தைக் கேட்போர் பொறுத்துக்கொள்வார்கள். சேராத சுருதியைப் பொறுக்க மாட்டார்கள்.

7. ஒத்திகை

ஐந்தரை மணிக்கு ஒத்திகை. ஏற்பாட்டாளர் ஒருவர் முதல் வரிசை, கடைசி வரிசை, இரு ஓரங்கள் என நான்கு இடங்களில் அமர்ந்து, அதே பாட்டின் அதே சரணத்தைக் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாடல் வரி புரிகிறதா? புரியவில்லையென்றால் குரலை உயர்த்தச் சொல்லாதீர்கள்; கருவிகளைத் தணிக்கச் சொல்லுங்கள். குரலை உயர்த்திய பாடகர் ஐந்தாவது பாட்டில் களைத்துவிடுவார்.

வெறும் கூடத்தில் சற்று அதிகமாக முழங்குவதாகத் தோன்றினால் அப்படியே விடுங்கள். ஆட்கள் நிறைந்ததும் சரியாகும். ஒத்திகை முடிந்ததும் குழுவினருக்கு இட்லியோ சந்தவையோ இலேசாகக் கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள்.

8. கச்சேரி நேரம்

ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிடுங்கள். பிந்தி வருகிறவர்களைத் திண்ணையில் இருத்தி, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் உள்ளே விடுவதற்கு ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். வண்டிகளை வீட்டிலிருந்து தள்ளி நிறுத்தச் சொல்ல வேண்டும். கடைசிப் பாட்டின்போது வாசலில் உதைக்கப்படும் ஒரு பைக் போதும், அந்தப் பாட்டை இழக்க.

கைபேசியை மேசையிலோ தரையிலோ வைத்தால் அதிர்வொலியும் கேட்கும் என்பதால், முழுமையாக அணைக்கச் சொல்லுங்கள். தின்பண்டம், காபி எதுவும் நடுவில் வேண்டாம். ஒரு எவர்சில்வர் டம்ளர் கல்தரையில் விழுந்தால் கிதார் தெரியாமல் போகும். சாப்பாடு கச்சேரிக்குப் பிறகு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் நடுவில் எதுவும் கேட்க மாட்டார்கள். குழந்தைகளை விலக்க வேண்டியதில்லை. கதவோரத்தில் இடம் கொடுத்தால், அழும்போது தாயோ தந்தையோ எளிதாக வெளியே தூக்கிப் போகலாம்.

தாளத்துக்குச் சேர்ந்து கைதட்டுவதைப் பற்றிக் குழுவே சொல்லட்டும். ஐம்பது பேர் தட்டினால் குரல் மூழ்கிவிடும் என்பதால், எந்தப் பாட்டில் தட்டலாம் என்று அவர்கள் முன்பே தீர்மானித்திருப்பது நல்லது. கேட்போர் பல்லவியைச் சேர்ந்து பாடுவது வேறு. அது குரலைத் தாங்கும்.

9. பதிவு

நிகழ்த்துகிறவர்களின் ஒப்புதலின்றிப் பதிவு செய்வது, பதிப்புரிமைச் சட்டம் அவர்களுக்குத் தரும் நிகழ்த்துநர் உரிமைக்கு எதிரானது. குழு சம்மதித்தால், ஒரே ஒரு பதிவுக்கருவியை மட்டும் முன்வரிசைக்கு முன்னால், குரலுக்கு நேரே, இரண்டு மீட்டருக்குள் சிறு முக்காலியில் நிறுத்துங்கள். மற்றவர்கள் கைபேசியைத் தூக்காமல் இருப்பதற்கு, ஒரு நல்ல பதிவு பின்னர் எல்லோருக்கும் கிடைக்கும் என்ற உறுதி உதவும். வெளியிடலாமா என்பதைக் குழு கேட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே பகிர வேண்டும்.

10. முடிந்த பிறகு

அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் எல்லோருக்கும் போதும். குழுவினருக்கு முதலில் இலை போடுங்கள். மீதித் தொகையை அவர்கள் கருவிகளைக் கட்டுவதற்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்களின் சொந்தப் பாடல்கள் எங்கே கிடைக்கும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சாப்பாட்டுப் பக்கம் ஒட்டி வைத்தால், அங்கே நிற்பவர்கள் தாமாகவே குறித்துக்கொள்வார்கள்.

சாப்பிடும்போதே ஒவ்வொரு பக்கத்திலும் அமர்ந்திருந்தவர்களிடம், எந்தப் பாட்டில் எந்த வரி கேட்கவில்லை என்று விசாரித்து, தரைப்படத்தில் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கேட்டால் ‘நல்லா இருந்துச்சுங்க’ என்பது மட்டுமே பதிலாக வரும். அந்தப் படத்தின் நகல் ஒன்றைக் குழுவிடமும் கொடுங்கள். வேறொரு வீட்டில் அமரும்போது எங்கே உட்காருவது, எந்தப் பாட்டை எத்தனை கட்டையில் எடுப்பது என்பதை அதைப் பார்த்தே அவர்கள் தீர்மானிக்கலாம்.